பெயர் தெரியாத பூசணி

பிரான்ஸ் நாட்டு அரசி ஆன் ஓதுவதற்காக 1503க்கும் 1508க்கும் இடையில் ஒரு ஜெபப் புத்தகம் தயாரானது. படம் வரைந்தவர் ழான் பூர்திஷோன். பக்க ஓரங்களில் பூவும் காயும் இலையுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தீட்டினார். அவற்றில் ஒன்று பூசணிக் கொடி. கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தது 1492இல். அதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இந்தக் கொடி எங்குமே கிடையாது. அப்படியென்றால், கப்பல்கள் போய்வரத் தொடங்கிய பதினாறு ஆண்டுகளுக்குள் அது பிரான்சில் ஓர் ஓவியரின் கண்ணெதிரே பூத்துக் காய்த்துவிட்டது.

அந்தப் பக்கத்தை ஐந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ பேர் புரட்டியிருப்பார்கள். பூசணியை ஆராய்ந்து பழகியவர்கள் அதைப் பார்த்து, முடிவை ஓர் ஆய்விதழில் எழுதியது 2006இல்தான். பழத்தைத் தொட முடியாது, வெட்டிப் பார்க்க முடியாது, விதையை எண்ண முடியாது. கையில் இருப்பது தாளில் உள்ள நிறமும் வடிவமும் மட்டுமே. ஆனாலும் அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது: இது குக்குர்பிட்டா பெப்போ என்ற இனம், அதிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் காட்டில் தானாகப் படரும் வகை, சமைத்து உண்ணும் காய் அல்ல. ஓவியர் பழத்தை மட்டும் தீட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்பது சந்தேகம். அவர் உயிருள்ள கொடியின் ஒரு கிளையையே, பூவும் காயும் சேர, கண்டதைக் கண்டபடி வரைந்திருந்தார்.

பெயர் தெரியாத பூசணி ஒன்று கைக்கு வரும்போது நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. "ஆரஞ்சு நிறம், தட்டையாக இருக்கிறது, வரிவரியாக மேடு பள்ளம். இது என்ன ரகம்?" என்று கேட்கிறோம். நிறமும் வடிவமும்தான் கண்ணில் முதலில் படுகின்றன. ஆனால் பூசணியைப் பொறுத்தவரை, மனிதன் மிக அதிகமாக மாற்றி விளையாடிய குணங்கள் இந்த இரண்டும்தான். அவற்றை மட்டும் வைத்து அடையாளம் தேடினால் எளிதில் வழி தவறுவோம். முதலில் இனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரகம் அதன் பிறகு. இனத்தைச் சொல்லும் அடையாளங்கள் பழத்தில் நாம் அதிகம் கவனிக்காத இடங்களில் இருக்கின்றன.

நம் ஊர்ப் பேச்சில் பூசணி என்ற பேருக்குள் இரண்டு வேறு வேறு தாவரங்கள் அடங்கியிருப்பதால், அதை முதலில் பிரித்துவிடலாம். சாம்பல் பூத்த வெண்பூசணி, அதாவது மோர்க்குழம்புக்கும் திருஷ்டிக்கும் போகும் காய், பெனின்காசா என்ற தனிப் பேரினத்தைச் சேர்ந்தது. ஆசியாவுக்கே உரியது. யாழ்ப்பாணத்தில் நீற்றுப்பூசணி என்பதும், தென்மாவட்டங்களில் தடியங்காய் என்பதும் இதைத்தான். பரங்கிக்காய், சர்க்கரைப் பூசணி, மஞ்சள் பூசணி, கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றெல்லாம் சொல்லப்படுவது குக்குர்பிட்டா. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் மகரந்தக் கலப்பு நடக்காது. வெண்பூசணிப் பிஞ்சின் உடல் முழுக்கச் சுணை இருக்கும். முற்றும்போது சுணை உதிர்ந்து மாவு போன்ற மெழுகு படியும். இதோடு வெண்பூசணியை விட்டுவிட்டு, இனி பரங்கியின் உறவுகளை மட்டும் பார்ப்போம்.

குக்குர்பிட்டா பேரினத்தில் மனிதன் வளர்த்துப் பயிராக்கிய இனங்கள் ஐந்து: பெப்போ, மாக்ஸிமா, மொஸ்காட்டா, ஆர்ஜைரோஸ்பெர்மா, ஃபிசிஃபோலியா. உலகச் சந்தைகளில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான ரகங்களும் இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். அல்லது, அபூர்வமாக, இரண்டின் கலப்பாக இருக்கும். ஹாலோவீன் நாளில் முகம் செதுக்கி விளக்கு வைக்கும் ஆரஞ்சுப் பூசணியும், பச்சைக் கழி போன்ற சுக்கினியும் ஒரே இனம், பெப்போ. ஆயிரம் கிலோவைத் தாண்டிப் போட்டிகளில் கிரேனால் தூக்கப்படும் ராட்சதப் பூசணி மாக்ஸிமா. 2023இல் அமெரிக்காவில் எடை போட்ட ஒன்று ஏறக்குறைய 1,247 கிலோ இருந்தது. மாக்ஸிமாவின் காட்டு மூதாதை தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, உருகுவே பகுதிகளில் இன்றும் படர்கிறது. அதன் காயோ கைக்குள் அடங்கும். நம் பரங்கி மொஸ்காட்டா. வெப்பத்தையும் ஈரக் காற்றையும் ஐந்திலும் நன்றாகத் தாங்குவது அதுதான். தமிழ்நாட்டுச் சமவெளியில் அது நிலைத்ததற்குக் காரணமும் அதுவே. மாக்ஸிமாவுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும்.

இனத்தைச் சொல்லும் முதல் அடையாளம் காம்பு. கத்தியை எடுப்பதற்கு முன் காம்பைப் பாருங்கள்.

மொஸ்காட்டாவின் காம்பு கட்டையாக, ஐந்து மழுங்கிய மேடுகளோடு இருக்கும். பழத்தில் சேரும் இடத்தில் அகன்று விரிந்து, பழத்தை ஐந்து விரலால் பற்றியிருக்கும் கை போலத் தெரியும். எந்தச் சந்தையில் பரங்கியை எடுத்துப் பார்த்தாலும் இது தவறாது. பெப்போவின் காம்பும் கட்டைதான். ஆனால் மேடுகள் கூர்மையானவை, பள்ளங்கள் ஆழமானவை; பழத்தில் சேரும் இடத்தில் அவ்வளவாக விரியாது. மாக்ஸிமாவின் காம்பு இரண்டிலிருந்தும் அடியோடு வேறுபட்டது. மேடு பள்ளம் இல்லாமல் உருண்டையாக, தடிமனாக, தக்கை போல இருக்கும். காய்ந்ததும் நீளவாக்கில் வெடிப்பு விடும். நகத்தால் அழுத்தினால் பதியும். ஆர்ஜைரோஸ்பெர்மாவில் கட்டையான காம்பின் மேல் தக்கை படர்ந்து தாறுமாறாகத் தடித்திருக்கும். ஃபிசிஃபோலியாவின் காம்பு மெல்லிய கோணங்களோடு கட்டையாக இருக்கும். அந்த இனத்துக்குக் காம்பைவிடத் தெளிவான சாட்சி உள்ளே இருக்கும் விதை, பெரும்பாலும் கரிக்கறுப்பாக.

மனிதன் பூசணியைத் தேர்ந்தெடுத்தபோது பழம் பெரிதா, இனிப்பா, பார்க்க அழகா, நாள்பட இருக்குமா என்றுதான் பார்த்தான். காம்பு உருண்டையா கோணமா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அதனால்தான் பல்லாயிரம் ஆண்டுத் தேர்வில் பழம் எத்தனையோ உருமாறியும், காம்பின் அடிப்படை அமைப்பு இனத்துக்கு இனம் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாவது சாட்சி விதை. சமையலுக்கு வெட்டும்போது குடலோடு சேர்த்து வழித்து எறிவதை ஒருமுறை கழுவி, வெயிலில் காயவைத்துப் பாருங்கள். மொஸ்காட்டா விதையின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கறுத்து, சற்றுச் சிதைந்த நார் போலிருக்கும். பெப்போ விதையின் ஓரம் வழவழப்பான கரைகட்டியது போலிருக்கும். மாக்ஸிமா விதை பருத்து உப்பியிருக்கும். வெள்ளையோ பழுப்போ, ஓரமும் நடுவும் பெரும்பாலும் ஒரே நிறம். ஆர்ஜைரோஸ்பெர்மாவின் விதை பெரியது. அதன் ஓரத்தில் வெள்ளி பூசியதுபோல ஒரு சாம்பல் விளிம்பு ஓடும் ரகங்கள் உண்டு. மெக்சிகோவில் இந்த இனத்தைச் சதையைவிட முக்கியமாக விதைக்காகவே வளர்க்கிறார்கள். ஓடே இல்லாமல் கரும்பச்சையாக விதை கிடைத்தால் கையில் இருப்பது ஆஸ்திரியாவின் ஸ்டைரியப் பகுதியில் எண்ணெய்க்காக வளரும் பெப்போ ரகம் அல்லது அதன் வாரிசு.

கொடியையே பார்க்கக் கிடைத்தால் இன்னும் வசதி. பெப்போவின் இலை ஆழமாகக் கிழிந்து, தொட்டால் முள்ளாகக் குத்தும். மொஸ்காட்டா இலை மெத்தென்று இருக்கும். நரம்புகள் பிரியும் இடங்களில் வெள்ளைத் திட்டுகள் பல ரகங்களில் உண்டு. நம்மூரில் இவற்றை நோய் என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. அது நோயல்ல, இலையின் பிறவிக் குணம். மாக்ஸிமா இலை கிழிசல் இல்லாமல் வட்டமாக விரிந்திருக்கும்.

இந்த அறிவு சும்மா வந்துவிடவில்லை. வெர்சாய் அரண்மனைச் சூழலில் வளர்ந்த ஆன்துவான் நிக்கோலா துஷேன் என்ற இளைஞர் முதலில் ஸ்ட்ராபெரியை ஆராய்ந்தார். பிறகு 1770களில் பூசணிகளுக்குத் திரும்பினார். கிடைத்த ரகங்களை எல்லாம் விதைத்து, ஒன்றோடொன்று கலந்து பார்த்து, எவை கலக்கின்றன, எவை கலக்க மறுக்கின்றன என்று குறித்தார். பழங்களை ஒவ்வொன்றாக வண்ணத்தில் வரைந்தார். இருநூற்றுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்கள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெப்போவுக்குப் பெயர் வைத்திருந்தார். மாக்ஸிமாவுக்கும் மொஸ்காட்டாவுக்கும் பெயர் வைத்தவர் துஷேன். இன்றும் அந்த இரண்டு பெயர்களுக்குப் பின்னால் தாவரவியல் நூல்கள் அவர் பெயரைப் போடுகின்றன. தோற்றத்தை நம்பி வரிசைப்படுத்தும் காலத்தில், "எது எதோடு கலந்து வளமான விதை தருகிறது" என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியை 19ஆம் நூற்றாண்டில் அதே பாரிஸில் தாவரவியலாளர் ஷார்ல் நோதேன் எடுத்துக்கொண்டார். உலகின் பல மூலைகளிலிருந்தும் விதை தருவித்து, வரிசை வரிசையாக வளர்த்து, கையால் மகரந்தம் சேர்த்துச் சோதித்தார். வெளித்தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் ஒரே இனத்து ரகங்கள் எளிதாகக் கலக்கும், தோற்றத்தில் ஒத்திருந்தாலும் வேறு இனங்கள் எளிதில் கலக்காது என்று காட்டினார். வளர்ப்பு உயிர்களின் மாறுபாடுகளைப் பற்றி 1868இல் நூல் வெளியிட்ட டார்வின், பூசணியைப் பற்றிய பகுதியில் நோதேனைத்தான் சார்ந்திருக்கிறார்.

ஆர்ஜைரோஸ்பெர்மாவோ இன்னும் நெடுங்காலம் மொஸ்காட்டாவுக்குள் ஒளிந்து கிடந்தது. இரண்டின் பழமும் அவ்வளவு ஒத்திருக்கும். 1930இல் ரஷ்ய ஆய்வாளர் பங்காலோ தனி இனமாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் அதற்குரிய இடம் கிடைத்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது இரண்டாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால் வேறு வேறு இனங்கள் ஏன் ஒரே வடிவத்தை எடுக்கின்றன? இதற்கு ஒரு பதிலை ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் 1920இல் சரத்தோவ் நகரில் முன்வைத்தார். நெருங்கிய உறவுள்ள இனங்களில் ஒரே மாதிரியான மாறுபாடுகள் இணை இணையாகத் தோன்றும் என்பது அவர் கண்ட விதி. அவர் கோதுமை போன்ற தானியங்களை வைத்துத் தொடங்கினார் என்றாலும், பூசணியில் அந்த விதி கண்கூடாகத் தெரிகிறது. தட்டையான பழம் மொஸ்காட்டாவில் உண்டு, மாக்ஸிமாவில் உண்டு, பெப்போவிலும் உண்டு. உருண்டை மூன்றிலும் உண்டு. வளைந்த கழுத்து பெப்போவிலும் மொஸ்காட்டாவிலும் ஆர்ஜைரோஸ்பெர்மாவிலும் உண்டு. ஆரஞ்சு, வெள்ளை, கரும்பச்சை நிறங்களும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களில் வருகின்றன. பிரான்சின் புகழ்பெற்ற செந்நிறத் தட்டைப் பூசணியான ரூழ் வீஃப் தேத்தாம்ப் ஒரு மாக்ஸிமா. அதேபோல் தட்டையாக, ஆழமான பள்ளங்களோடு இருக்கும் முஸ்கே த பிரோவான்ஸ் மொஸ்காட்டா, நம் பரங்கியின் நெருங்கிய உறவு. உள்ளங்கையில் நிற்கும் அதே தட்டை வடிவக் குட்டிப் பூசணி ஜாக் பி லிட்டில் ஒரு பெப்போ. மூன்றையும் படத்தில் ஒரே அளவாக்கிப் போட்டால் பிரிப்பது கடினம்.

வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபுக் கணக்கையும் பூசணியில்தான் அழகாகக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கத் தாவரவியலாளர் எட்மண்ட் சின்னட் 1920களில் உருண்டையான இரண்டு வகைகளைக் கலந்தார். வந்த பிள்ளைகள் எல்லாம் உருண்டையாக இல்லை, தட்டையாக இருந்தன. அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் கலந்தபோது, பதினாறு பங்கில் ஒன்பது தட்டை, ஆறு உருண்டை, ஒன்று மட்டும் நீளம். இரண்டு மரபணுக்கள் சேர்ந்து இருந்தால் தட்டை, ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் உருண்டை, இரண்டும் இல்லாவிட்டால் நீளம். பாட்டன்மாரிடம் இல்லாத நீளவடிவம் பேரனில் வந்து நிற்பதை, பெயர் தெரியாத பூசணியைத் தேடுபவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் முளைத்த காய் "எந்த ரகத்திலும் சேரவில்லையே" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம்.

வடிவம் முடிவாகும் நேரமும் வியப்பானது. பூசணியின் பெண் பூ விரிவதற்கு முன்பே, இதழ்களுக்குக் கீழே பிஞ்சு இருக்கிறது. அந்தப் பிஞ்சு ஏற்கனவே தன் வடிவில் இருக்கும். குடுவைப் பூசணியின் மொட்டுக்கடியில் விரல்நுனி அளவில் குடுவை. தட்டைப் பூசணியின் மொட்டுக்கடியில் தட்டைப் பொத்தான். பல ரகங்களில், பழம் பழுக்கும்வரை காத்திருக்காமலே அது எந்த உருவில் முடியும் என்று பூ விரியும் முன்பே சொல்லிவிடலாம்.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இன்னும் எளிது. நிறம் ஒரு பழத்தின் வயதைச் சொல்கிறது, பெயரை அல்ல. நம் பரங்கி பிஞ்சில் பச்சை. முற்றும்போது பச்சையம் சிதைந்து, அடியிலுள்ள மஞ்சள் ஆரஞ்சு நிறமிகள் வெளிப்பட்டு, காவி கலந்த பழுப்புக்கு வரும். பறித்து வைத்த பிறகும் இந்த மாற்றம் நிற்காது. முஸ்கே த பிரோவான்ஸ் பறிக்கும்போது கரும்பச்சை, சேமித்தபின் பழுப்பு. இரண்டு பருவத்திலும் விற்பனைக்கு வருவதால் இரண்டு ரகம் என்று நினைப்பவர்கள் பலர். மண்ணில் படுத்திருந்த பக்கம் வெயில் படாமல் வெளிறியிருக்கும். அதுவும் ரகக் குணம் அல்ல.

சில பெப்போ ரகங்கள் இதற்கும் மேலே போகின்றன. பூ விரிவதற்கு முன்பே பிஞ்சு மஞ்சளாகிவிடும். இதற்குக் காரணமான மரபணுவை ஓவெத் ஷிஃப்ரிஸ் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அதன் வேலை பழத்தின் ஒரு பகுதியில் மட்டும் நடந்தால், பாதி மஞ்சள், பாதி பச்சை என்று கத்தியால் பிரித்ததுபோல இருநிறக் காய் கிடைக்கும். ஒரே கொடியில் கோடு எங்கே விழும் என்பது காய்க்குக் காய் மாறும். ஆக, இரண்டு காய்களுக்கு நிறம் வேறு என்பதால் அவை இரண்டு ரகம் ஆகிவிடாது.

தோலின் வரிகளும் மேடு பள்ளமும் மட்டும் ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றன. பூவின் ஐந்து புறவிதழுக்கும் ஐந்து அகவிதழுக்கும் நீரும் சத்தும் போகும் முக்கியக் குழாய்த் தொகுதிகள் பழத்தின் சுவர் வழியே செல்கின்றன. பெரும்பாலான பூசணிகளில் கண்ணுக்குத் தெரியும் மேடுகள் பத்து. கணக்கு எங்கிருந்து வந்தது என்பது பூவைப் பார்த்தால் புரியும்.

வடிவமே இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அரிதான இடமும் ஒன்று உண்டு. தலைப்பாகை போலக் கீழ்ப்பகுதி ஒரு நிறமாக, மேலே சில குமிழ்களாகப் பிதுங்கி வேறு நிறமாக இருக்கும் பூசணி மாக்ஸிமாவின் தனிச்சொத்து. மற்றப் பூசணிகளில் பூத்தண்டின் தசை சூலகத்தை முழுவதும் மூடிவிடும். தலைப்பாகைப் பூசணியில் பாதி தூரம் வந்து நின்றுவிடும். மீதி சூலகம் வெளியே தெரியும். குமிழ்கள் சூலகத்தின் அறைகள், குமிழ்களுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே ஓடும் வட்டத் தழும்பு இதழ்கள் ஒட்டியிருந்த இடம். வெனிஸ் அருகே கியோஜாவில் விளையும், உடல் முழுக்க மரு மருவாக இருக்கும் மரீனா தி கியோஜாவிலும் இந்தக் குமிழ் தலைகாட்டும்.

சாம்பல் நீலமாக ஒரு பெரிய பூசணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காம்பைப் பார்க்கிறோம்: உருண்டை, தக்கை, வெடிப்பு. மாக்ஸிமா என்பது முடிந்தது. இப்போதுதான் நிறமும் வடிவமும் வேலைக்கு வருகின்றன. தட்டையாக, மழுங்கிய மேடுகளோடு வெளிர்ச் சாம்பலாக இருந்தால், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாராடேல் ஊர்ப்பெயரைத் தாங்கிய ரகம் என்று சொல்லலாம். ஆழமான பள்ளங்களோடு நிமிர்ந்து அடர்நிறமாக இருந்தால் குவீன்ஸ்லாந்து புளூ. இரு முனையும் கூம்பிய நீள்வடிவமாக இருந்தால் புளூ ஹப்பர்ட். இதே நீலம் ஐந்து மேடுள்ள, அகன்று விரிந்த காம்போடு வந்தால் பாதை முற்றிலும் மாறுகிறது. அது கரும்பச்சை மொஸ்காட்டா. மேலே படிந்த மெழுகுதான் நீலமாகத் தெரிகிறது, விரலால் தேய்த்தால் பச்சை தெரியும். இனம் தெரிந்த பிறகு தேட வேண்டிய பட்டியல் பலமடங்கு சுருங்கிவிடுகிறது. என் பார்வையில் நிறமும் வடிவமும் கடைசிக் கேள்விக்கான விடைகள். அவற்றை முதல் கேள்வியாக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

இனத்தைக் கண்டுபிடித்தபின் ரகம் தேடுவதில் நம் ஊரிலும் நல்ல பயிற்சி கிடைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ஏழெட்டுக் கிலோ எடையில் உருண்டு திரண்டு வருவது. கோ 2 இரண்டு கிலோவுக்குள் அடங்கும். பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் வெளிர்பழுப்புத் தோலுள்ள மொஸ்காட்டா. அதே நிறுவனம் தந்த அர்க்கா சூர்யமுகி சின்னதாக, தட்டை உருண்டையாக, ஆரஞ்சில் வெள்ளைக் கோடுகளோடு இருக்கும், அது மாக்ஸிமா. சந்தையில் இரண்டும் அருகருகே கிடந்தாலும் காம்பைத் தொட்டால் உறவு இல்லை என்பது தெரிந்துவிடும்.

சில பூசணிகளுக்குப் பெயரே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது; காற்று அதைத் தூக்காது. விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும் பூக்களுக்கிடையே தேனீக்கள்தான் அதைச் சுமக்கின்றன. ஒரே இனத்து இரண்டு ரகங்கள் அருகில் இருந்தால் கலப்பு நடந்தே தீரும். ஆனால் அந்தக் கலப்பு இந்த ஆண்டுப் பழத்தில் தெரியாது. பழத்தின் தோலும் சதையும் தாயின் உடல், தந்தையின் பங்கு விதைக்குள் மட்டும். பக்கத்துப் பாத்தியில் வெள்ளரி இருந்ததால் பரங்கி இப்படி விளைந்துவிட்டது என்று சொல்லப்படுவது சரியல்ல. வெள்ளரி பூசணியோடு கலக்கவே கலக்காது. அந்த விதையை அடுத்த ஆண்டு விதைக்கும்போதும், குப்பைமேட்டில் தானாக முளைக்கும்போதும்தான் கலப்பு வெளியே வருகிறது. அப்படி வந்ததற்கு இனம் சொல்லலாம், ரகம் சொல்ல முடியாது. உலகில் அது ஒன்றே ஒன்று.

இனங்களுக்கிடையிலான கலப்பும் முழுவதும் மூடிய கதவு அல்ல. மாக்ஸிமாவையும் மொஸ்காட்டாவையும் சேர்த்து ஜப்பானியர் உருவாக்கிய தெத்சுகபுத்தோ இன்று உலகெங்கும் பயிராகிறது. அதன் ஆண் பூக்கள் மலடு. மகரந்தத்துக்கு வேறு பூசணியை அருகில் நட வேண்டும். இத்தகைய கலப்பினங்களின் வேரில் தர்ப்பூசணியை ஒட்டுக் கட்டுவதும் வழக்கம். மண்ணில் வரும் நோய்களை அந்த வேர் தாங்கிக்கொள்ளும்.

பெயர் தெரியாத பூசணியைச் சமைப்பதற்கு முன் கட்டாயமாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பச்சையாக ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, காயை முழுதாக எறிந்துவிடுங்கள். காட்டுப் பூசணிகள் எல்லாவற்றிலும் குக்குர்பிடாசின் என்ற கடுங்கசப்பு நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் அது அழியாது. அலங்காரக் குட்டிப் பூசணிகளில் அந்தப் பழைய கசப்பு இன்னும் இருக்கிறது. பெப்போ இனத்து உணவு ரகங்களோடு அவை கலந்தால் விதை வழியே திரும்பி வரும். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியை உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். கசப்புப் பூசணி உண்டு கடும் வாந்திக்கு ஆளான இரண்டு பெண்களுக்கு வாரங்கள் கழித்துத் தலைமுடி கொட்டியதை பிரான்சின் தோல் மருத்துவர் ஒருவர் 2018இல் பதிவு செய்தார்.

இந்தக் கசப்புக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. சிறிய விலங்குகளுக்கு அது எட்டிக்காயாகக் கசக்கும். மாஸ்டடான் போன்ற, யானை அளவுள்ள பழங்கால விலங்குகளுக்கு அது பொருட்டாக இருக்கவில்லை. காயை விழுங்கி, விதையை எருவோடு ஊர் ஊராகப் பரப்பின. ஃபுளோரிடாவில் கிடைத்த மாஸ்டடான் சாணப் படிவுகளில் காட்டுப் பூசணி விதைகள் இருந்தன. அந்த விலங்குகள் அழிந்தபின் காட்டுப் பூசணிகளும் சுருங்கின. கசப்பில்லாத காய்களாக மனிதன் பொறுக்கி எடுத்து வளர்த்தவை மட்டுமே பெருகின என்று 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு சொல்கிறது. மெக்சிகோவின் வாஹாகா பகுதியில் கிலா நாக்கிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பெப்போ விதைகளின் வயது சுமார் 10,000 ஆண்டுகள். அமெரிக்கக் கண்டங்களில் மக்காச்சோளத்துக்கும் முன்னதாக மனிதன் பயிராக்கியது பூசணி.

அந்தத் தேர்வு இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலியிலும் கூரையிலும் படர்ந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு விதையாகப் போன பரங்கிகள் உண்டு. அவற்றுக்கு ஊர்ப்பெயர் இருக்கும், அல்லது பெயரே இருக்காது. விதைப் பட்டியல் எதிலும் அவை ஏறியிருக்காது. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், வெட்டுவதற்கு முன் காம்போடு ஒரு படம் எடுங்கள். நறுக்கிய பின் சதையையும் விதையையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். கொடி எட்டும் தூரத்தில் இருந்தால் இலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசக்காத, நன்றாக முற்றிய பழத்தின் விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, எந்த ஊர், யார் வீட்டுக் கொடி, எந்த ஆண்டு என்று எழுதிய உறையில் போட்டு வையுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். விதை போய்விட்டால் தேடுவதற்கு எதுவும் இருக்காது.